கையாளாகப் போங்கள்: வீடு கட்டும் தன்னார்வ வேலைக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

முதல் நாள் நான் கலந்த முதல் கலவையை மேஸ்திரி அப்படியே தள்ளிவிடச் சொன்னார். நடந்தது இதுதான். கலவை கெட்டியாக இருந்தது, மண்வெட்டி புரள மாட்டேன் என்றது, சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை, நானாகவே அரை வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டேன். வழுவழுவென்று அழகாகக் குழைந்தது, எனக்கு ஒரே பெருமை. அவர் வந்து கரண்டியில் கொஞ்சம் அள்ளிச் சாய்த்தார், குழம்பு மாதிரி வழிந்து ஓடியது. "உன்னை யாரு தம்பி தண்ணி ஊத்தச் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று அந்த வீணாய்ப்போன சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வசதியில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தரும் வேலையில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. "எனக்குக் கட்டட வேலை ஒன்றும் தெரியாதே" என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். தெரியாதது ஒரு குறையே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்வதுதான் பிரச்சினை. நீங்கள் அங்கே போவது கையாளாக. கொத்தனார் கேட்கும்போது கல்லை எடுத்துக் கொடுப்பது, கலவையைச் சொன்ன பதத்தில் கொண்டுவருவது, நூலைப் பிடி என்றால் அசையாமல் பிடிப்பது, இவ்வளவுதான். ஆனால் ஒரு சுவர் ஐம்பது வருடம் நிற்பதா, ஐந்தே வருடத்தில் விரிசல் விடுவதா என்பதில் பாதி இந்தக் கையாள் வேலையில்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எங்கே சேர்வது, என்ன கேட்பது

இந்த வேலை உலகம் முழுக்கப் பல மாதிரியாக நடக்கிறது. எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் பெயர் ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976ல் தொடங்கியது. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1984லிருந்து வருடாவருடம் சுத்தியலோடு போய் நின்றதால் பிரபலமானது. 2019ல் அவருக்கு 95 வயது, வீட்டில் தவறி விழுந்து கண்ணுக்கு மேலே தையல் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் நாஷ்வில் நகரத்தில் வேலைத்தளத்தில் இருந்தார். வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், கூடவே அந்தத் தையலைப் பின்பற்ற வேண்டாம் என்றும் சொல்வேன்.

ஹாபிடாட்டில் முக்கியமான விஷயம் என்னவென்றால், வீடு இலவசம் இல்லை. குடும்பம் தன் சக்திக்கு ஏற்ற தவணையில் கடனை அடைக்கிறது, தன் வீட்டு வேலையில் பல நூறு மணி நேரம் தானும் உழைக்கிறது. எத்தனை மணி நேரம் என்பது இடத்துக்கு இடம் மாறும். தென் அமெரிக்காவில் வேறு மாதிரிகள் இருக்கின்றன. சிலியில் 1997ல் தொடங்கிய டெச்சோ என்ற அமைப்பில் இளைஞர்கள் குடும்பத்தோடு சேர்ந்து மூன்றுக்கு ஆறு மீட்டர் மர வீட்டை இரண்டே நாளில் நிறுத்திவிடுவார்கள், அது அவசரத்துக்கான தங்குமிடம், நிரந்தர வீடு என்று யாரும் சொல்வதில்லை. உருகுவேயின் கூட்டுறவு வீடுகளில் வெளியாள் தன்னார்வலரே பெரிதாகக் கிடையாது, உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் வாரத்துக்கு 21 மணி நேரம் வேலை செய்து எல்லோருடைய வீட்டையும் சேர்ந்து கட்டுகிறது, எந்த வீடு யாருக்கு என்பது பெரும்பாலும் கடைசியில்தான் முடிவாகும். தன் வீடு எது என்று தெரியாததால் எல்லா வீட்டையும் ஒழுங்காகக் கட்டுவார்கள். நல்ல யோசனை, இல்லையா?

உங்கள் பக்கத்திலேயே நடக்கும் வேலையாகப் பார்த்துச் சேருங்கள். விமானம் ஏறிப் போய் ஒரு வாரம் செங்கல் அடுக்கிவிட்டு வருவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அந்தப் பயணச் செலவில் அந்த ஊர்க் கொத்தனார் எத்தனை நாள் வேலை செய்திருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் என்றால் நீங்கள் அடுத்த வாரமும் போவீர்கள், அதற்கடுத்த வாரமும் போவீர்கள். கையாளுக்கு வேண்டியது அதுதான்.

சேரும் முன் அமைப்பாளர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மனை யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் குடும்பத்தின் கையில் இருக்கிறதா? கட்ட அனுமதி வாங்கியாயிற்றா? வரைபடம் போட்ட பொறியாளர் தளத்துக்கு வருகிறாரா? தினமும் கூட நிற்க மேஸ்திரி உண்டா? தன்னார்வலருக்குக் காப்பீடு இருக்கிறதா? பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றால் என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்கிறார் என்றால் போகலாம். உங்கள் டி-ஷர்ட் அளவை மட்டும் கேட்கிறார்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பத்திரக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஊர் கூடிக் கட்டிய வீட்டிலிருந்து இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பத்தை யாரோ கிளப்பிவிட்டால் அந்த உழைப்பெல்லாம் மனைக்காரனுக்குச் செய்த சேவையாகிவிடும்.

கிளம்பும் முன்

இது சுருக்கமாகப் போதும். விரல்களை முழுதாக மூடும் தடித்த அடியுள்ள ஷூ, செருப்பு கூடவே கூடாது. முழுக்கை சட்டை, நீளமான பேண்ட், இரண்டும் வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்பதாக. மோதிரம், வளையல், தொங்கும் துப்பட்டா எல்லாம் வீட்டில் இருக்கட்டும். தண்ணீரும் சாப்பாடும் நீங்களே எடுத்துப் போங்கள், வீடு கட்டும் குடும்பம் இருபது பேருக்குச் சமைத்துப்போட வேண்டிய நிலைமை வந்துவிடக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்டுக்குத் துணிக் கையுறை உதவாது, ரப்பர் கையுறை வேண்டும். அமைப்பு கொடுக்கும் என்று நம்பிப் போனால் பத்துப் பேருக்கு நாலு ஜோடி இருக்கும்.

முதுகுவலி, மூச்சிரைப்பு, உயரம் என்றால் தலைசுற்றல், இப்படி ஏதாவது இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சாரத்தில் ஏறிய பிறகு சொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை.

போய் இறங்கியதும்

சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போங்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்றைக்கு இங்கே முடிவெடுப்பது யார் என்பது. அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், மேஸ்திரி ஒருவர் இருப்பார், பொறியாளர் வந்து போவார். சுவர், கலவை, மட்டம் என்று வந்துவிட்டால் மேஸ்திரி சொல்வதுதான். உங்கள் கூட வந்தவர் ஒருவர் இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு வேறு விதம் சொல்வார், நிச்சயம் சொல்வார், கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு மேஸ்திரி சொன்னதைச் செய்யுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, கழிவறை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பெயர்கள். கரண்டி என்றால் சாப்பாட்டுக் கரண்டி இல்லை, கொத்தனாரின் முக்கோணக் கரண்டி. சட்டி என்றால் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி, சிலர் பாண்டு என்பார்கள். குண்டு என்றால் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டு. ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை, சாரம், சென்ட்ரிங், கட்டுக்கம்பி, இதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் காதில் விழும். தெரியவில்லை என்றால் கேளுங்கள். "குண்டு எடு" என்றதும் ஓடிப்போய் ஒரு பெரிய கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன், நல்ல மனிதர், இன்றைக்கு அவர்தான் எங்கள் குழுவில் மட்டம் பார்க்கிறவர்.

கல் கைமாற்றுவது

முதல் நாளில் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கும் வேலை இது. லாரி கொட்டிவிட்டுப் போன இடத்திலிருந்து சுவர் எழும் இடத்துக்குச் செங்கலோ பிளாக்கோ போக வேண்டும். வரிசையாக நின்று கைமாற்றுவார்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து, மாறி மாறி எதிரெதிரே நின்றால் இடுப்பைத் திருப்பாமலே வாங்கிக் கொடுக்கலாம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விடும். கல்லை எறிய வேண்டாம், கையில் வையுங்கள். வேகம் வேண்டாம், ஒரு தாளம் வந்தால் போதும். நடுவில் ஒருவர் போனை எடுத்தால் வரிசை முழுக்க நின்றுவிடும், அதனால் போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த செங்கலை நனைக்க வேண்டும். இதை யாராவது சொல்லித்தராவிட்டால் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். காய்ந்த சுட்ட செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் இருக்காது, கல்லும் கலவையும் ஒட்டாது. தொட்டியில் போட்டால் முதலில் குமிழ் குமிழாக வரும், குமிழ் நிற்கும்வரை ஊற வேண்டும். எடுத்து மேலே ஈரம் பளபளப்பது வடிந்த பிறகு கொடுக்க வேண்டும், சொட்டச் சொட்டக் கொடுத்தால் கல் வழுக்கி நகரும். சிமெண்ட் பிளாக் என்றால் இப்படி ஊறவைக்க மாட்டார்கள், லேசாகத் தெளித்தால் போதும் என்பார்கள். எந்தக் கல் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கலவை

இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், என் பாவம் இங்கேதான் இருக்கிறது.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை நடந்து இறுகுகிறது. அந்த வினைக்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான், அதற்கு மேல் நாம் ஊற்றுவதெல்லாம் கலவை புரள வேண்டும், படிய வேண்டும் என்பதற்காக. அந்த மிச்சத் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும், வலு அங்கேதான் குறைகிறது. டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918லேயே இதை எழுதிவைத்துவிட்டார்: கான்கிரீட்டின் வலுவை முக்கியமாகத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.5. நான் ஊற்றிய அரை வாளி எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மணல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரும் இதில் சேரும், அதனால்தான் மழை பெய்த மறுநாள் மேஸ்திரி மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு "இன்னிக்குத் தண்ணியக் குறை" என்பார்.

கையால் கலப்பது எப்படி என்றால், தரையில் நேரடியாகக் கொட்டாமல் தகடோ பலகையோ போட்டு, அளந்த மணலைப் பரப்பி, அதன் மேல் சிமெண்டைக் கொட்டி, தண்ணீர் இல்லாமலே இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். எங்கே பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை. வரி வரியாகத் தெரிந்தால் இன்னும் புரட்ட வேண்டும். பிறகு நடுவில் குழி பறித்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளிக் கலக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டி நின்று மெதுவாக நழுவ வேண்டும், அதுதான் கட்டு வேலைக்கான பதம். செங்கல் சுவருக்கு வழக்கமாக ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், மெல்லிய சுவருக்கு ஒன்றுக்கு நாலு. பங்கு என்றால் மண்வெட்டிக் கணக்கு இல்லை, உங்கள் மண்வெட்டி அள்ளுவதும் என் மண்வெட்டி அள்ளுவதும் ஒன்றில்லை. பெட்டி வைத்தோ சட்டியை மட்டமாகத் தட்டியோ அளக்க வேண்டும், அளந்ததை வாய்விட்டு எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை விட்டுப்போனால் "இருக்கும் இருக்கும்" என்று விடாதீர்கள், மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே நேரத்தில் நிறையக் கலக்கவும் வேண்டாம். அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்குக் கலந்தால் போதும். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, இறுகிப்போன கலவையில் தண்ணீர் தெளித்துக் குழைத்துப் பயன்படுத்தினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வலு போயிருக்கும்.

மூட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும், சுவரை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம், முதலில் வந்தது முதலில் தீர வேண்டும். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் வலுவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்திருக்கலாம். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக, மாவு மாதிரி இருக்க வேண்டும். விரலால் நசுக்க முடியாத கட்டி தட்டுப்பட்டால் அந்த மூட்டையைத் தனியே வைத்துவிட்டுச் சொல்லுங்கள். நன்கொடையாக வரும் சிமெண்டில் இது அடிக்கடி நடக்கும். கொடுத்தவர் மனம் கோணக்கூடாது என்று அதையும் சுவரில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், நடைபாதைக்கோ வேறு எதற்கோ போகட்டும்.

நூல், குண்டு, மட்டம்

எனக்கு மிகவும் பிடித்த வேலை. கட்டடக் கலையில் இருக்கும் மிகப் பழைய கருவிகள் இவை, மின்சாரம் வேண்டாம், பழுதாகாது, பொய் சொல்லாது.

மனையில் மூலை சரியாக நிற்கிறதா என்று பார்க்க மூன்று-நாலு-ஐந்து. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 மீட்டர் அளந்து ஒரு குறி, இன்னொரு நூலில் 4 மீட்டர் அளந்து ஒரு குறி, இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் வந்தால் மூலை நேர்கோணம். பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று தெரியாமல் படித்தது. கடைசியில் எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடித்துப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும்.

தூரத்தில் உள்ள இரண்டு இடங்கள் ஒரே உயரமா என்று பார்க்க டியூப் மட்டம். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். நீங்கள் ஒரு முனையைப் பிடிக்கும் ஆள். உங்கள் வேலை இரண்டு: உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுமையாக இருப்பது. குமிழ் இருந்தால் அளவு தப்பும், குழாயைத் தட்டித் தட்டி மேலே ஏற்றி வெளியே விட வேண்டும்.

தூக்குக்குண்டில் நூலின் மேல் முனையில் ஒரு கட்டை இருக்கும், அந்தக் கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையைச் சுவரின் மேல்கல்லோடு ஒட்டிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால், குண்டு கீழே சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் சுவர் மேலே உள்வாங்குகிறது, இடைவெளி விழுந்தால் வெளியே தள்ளுகிறது. காற்று அடித்தால் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும், அப்போது அவசரப்பட்டு "சரி" என்று சொல்லிவிடத் தோன்றும். ஒரு முறை நான் அப்படிச் சொன்னேன். நாலு வரிசை ஏறிய பிறகு மேஸ்திரி தானே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கரண்டிப் பிடியால் கற்களைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். கலவை இன்னும் பச்சையாக இருந்ததால் தப்பித்தோம்.

சுவர் வேலையில் கண்ணில் வைத்திருக்க வேண்டியது: கலவைப் பட்டை ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு ஒரே சீராக இருக்க வேண்டும், கீழ் வரிசையின் செங்குத்து இணைப்பும் மேல் வரிசையின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது, ஒரு நாளில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவர் ஏறக்கூடாது. "ஆள் நிறைய இருக்கிறோமே, இன்றைக்கே கதவு ஜன்னல் தலைக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை முடித்துவிடலாம்" என்ற உற்சாகம் தன்னார்வலர் கூட்டத்தில் மதியம் மூன்று மணி சுமாருக்குக் கிளம்பும். அடக்கிவையுங்கள், அடியில் உள்ள கலவை இன்னும் பாரம் தாங்கும் நிலையில் இருக்காது.

மரச்சட்ட வீடு கட்டும் இடமாக இருந்தால் வேறு கருவிகள், ஆனால் இதே கதைதான். அளவு நாடாவின் நுனியில் உள்ள கொக்கி ஆடுகிறதே என்று ஒருவர் அதைத் தட்டி இறுக்கிவிட்டார், அப்படிச் செய்யாதீர்கள். உள்பக்கம் அழுத்தி அளந்தாலும் வெளிப்பக்கம் மாட்டி அளந்தாலும் சரியாக வர வேண்டும் என்றுதான் கொக்கியின் தகட்டுத் தடிமன் அளவுக்கு அதை ஆட விட்டிருக்கிறார்கள்.

அடிபடாமல் இருக்க

பயப்பட வேண்டியது பெரிய விபத்துக்கு மட்டும் இல்லை. அடிக்கடி நடப்பது ஆணிதான். கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்க அடித்த சென்ட்ரிங்கைப் பிரித்த பலகைகளில் ஆணி மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும். பலகையைக் கண்டால் முதல் வேலை ஆணியைப் பிடுங்குவது, முடியாவிட்டால் ஆணி கீழே பார்க்கும்படி கவிழ்ப்பது.

ஈரச் சிமெண்ட் தோலை எரிக்கும், ஆனால் உடனே வலிக்காது. ஷூவுக்குள் விழுந்த கலவையோடு, ஈரக் கான்கிரீட்டில் முழங்கால் போட்டு வேலை செய்த பேண்டோடு, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு மாலையில் கழற்றும்போதுதான் புண்ணாகியிருப்பது தெரியும். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், துணியை மாற்றுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து நேராக மருத்துவரிடம்.

செங்கலையோ டைல்ஸையோ மெஷினில் அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் போடுங்கள். ஏணியை நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே தள்ளிச் சாய்க்க வேண்டும், மேல்முனை நீங்கள் இறங்கும் தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அஸ்திவாரப் பள்ளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கவாட்டில் தடுப்பு இல்லாமல் இறங்காதீர்கள், தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவித்திருந்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மண் சரிந்து விழும்போது கத்த நேரம் இருக்காது. இங்கே மட்டும் கையாள் வாயைத் திறக்கலாம், திறக்க வேண்டும், மேஸ்திரி முகம் சுளித்தாலும்.

வீட்டுக்காரர்கள்

புதியவர்களுக்கு மிகவும் சங்கடமான இடம் இது. என்ன பேசுவது, எப்படிப் பார்ப்பது என்றே தெரியாது. அவர்களும் உங்களோடு கல் சுமந்துகொண்டிருப்பார்கள், அந்த வேலையைப் பற்றியே பேசுங்கள், போதும். அவர்களுடைய வருமானம், முன்பு எப்படிப்பட்ட இடத்தில் இருந்தார்கள், கணவர் எங்கே, இதெல்லாம் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நீங்களாகக் கேட்க வேண்டாம். குழந்தைகளோடு படம் எடுப்பது, எடுத்துப் பதிவு போடுவது, கேட்காமல் செய்யவே கூடாது. கேட்டாலும் அவர்கள் நன்றிக்கடனுக்காகத் தலையாட்டுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சுவரைப் படம் எடுங்கள், சுவருக்கு வெட்கம் இல்லை.

வீட்டைப் பற்றிய முடிவும் அவர்களுடையது. ஒரு வேலைத்தளத்தில் அடுப்பு மேடையின் உயரத்தை வரைபடத்தில் உள்ளபடி குறித்துவிட்டோம், வீட்டுக்கார அம்மா வந்து நின்று பார்த்துவிட்டுக் கையை மடித்துக் காட்டினார், மேடை அவர் விலாவுக்கு வந்தது, அவர் உயரம் அவ்வளவுதான். ஒரு கல் குறைத்தோம். கேட்காமல் விட்டிருந்தால் அந்த அம்மா காலத்துக்கும் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று சமைத்திருப்பார், நம்மைப் பற்றி நல்லவிதமாகவே பேசிக்கொண்டு. நிறம், ஜன்னல் திறக்கும் பக்கம், சுவிட்ச் பலகை எங்கே, எல்லாமே இப்படித்தான்.

தண்ணீர் விடுவது

கட்டியதோடு முடியவில்லை. சிமெண்ட் இறுக ஈரம் வேண்டும் என்று சொன்னேனே, அந்த ஈரத்தைக் குறைந்தது 7 நாள் காப்பாற்ற வேண்டும், அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு உலைக் கசடோ கலந்த சிமெண்ட் என்றால் 10 நாள், வெயில் காலம் என்றால் இன்னும் கூட. முழு வலு என்று கணக்கில் எடுப்பதே 28வது நாள்தான். சுவருக்குக் காலையும் மாலையும் நனைப்பார்கள், தூணுக்கு ஈரச் சாக்கைச் சுற்றுவார்கள், கூரைத் தளத்துக்கு மேலே சாந்தால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள்.

பெரும்பாலான தன்னார்வக் கட்டடங்கள் கோட்டை விடுவது இங்கேதான். சனிக்கிழமை முப்பது பேர் வந்து சுவர் எழுப்புவார்கள், திங்கள், செவ்வாய், புதன் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் குழுவில் ஒரு தாள் ஒட்டி, எந்த நாள் காலை யார், மாலை யார் என்று பெயர் எழுதுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். கல் சுமப்பதைவிட இது சுலபம், இருபது நிமிட வேலை, கைதட்ட ஆள் இருக்காது. வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே இருந்தால் அவர்கள் செய்துவிடுவார்கள், ஆனால் அவர்களும் கூலிக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டு வருகிறவர்கள், எல்லா நாளும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

சாயங்காலம் கிளம்பும் முன் கரண்டி, சட்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி எண்ணி வையுங்கள், காய்ந்த கலவை ஒட்டிய சட்டி அடுத்த வாரம் இரண்டு மடங்கு கனக்கும். மீதிக் கலவையை வாய்க்காலில் கழுவி விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேஸ்திரியிடம் அடுத்த முறை என்ன வேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சு என்றால் வழக்கமான நேரத்துக்குப் போனால் போதும், பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள், கண்ணில் தெறிக்கும். கூரைத் தளம் போடுகிறார்கள் என்றால் விடியற்காலையிலேயே போக வேண்டியிருக்கும், முடிய இருட்டிவிடவும் கூடும், கான்கிரீட் கொட்ட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.